‘450 வாட்னு போட்டிருக்கே, பத்தாதா?’ - மதுரை வெயிலுக்கும் வோல்டேஜுக்கும் எந்த எஸ்எம்பிஎஸ் தாங்கும்?

“அண்ணே, கேபினட்டோட வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் இருக்கு. கார்டு மட்டும் மாத்தினா பத்தாதா?”

“போடலாம் தம்பி. ஓடுற வரைக்கும் ஓடும்.”

மதுரையில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடைகளில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு ஏதோ ஒரு வடிவத்தில் காதில் விழும். கேட்பவர் பெரும்பாலும் இருபதுகளில் இருப்பார். வீட்டிலிருந்தே எடிட்டிங் வேலை, கொஞ்சம் கோடிங், ராத்திரி கேம். மாதக்கணக்கில் சேர்த்த 30 ஆயிரமோ 40 ஆயிரமோ கிராபிக்ஸ் கார்டுக்கே போய்விடும். மிச்சம் இருந்தால் ரேம், எஸ்எஸ்டி. எஸ்எம்பிஎஸ்? பழசு இருக்குல்ல, அதுவே ஓடட்டும்!

ஓடவும் செய்யும். முதல் வாரம் ஒன்றும் தெரியாது. பிரவுசர், எக்செல், யூடியூப் எல்லாம் சமர்த்தாக வேலை செய்யும். ஒருநாள் கல்யாண வீடியோவை ரெண்டர் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய் வந்து பார்த்தால், சிஸ்டம் தானாக ரீஸ்டார்ட் ஆகி லாகின் திரையில் நிற்கும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் ‘கெர்னல்-பவர் 41’ என்று ஒரு பதிவு. ‘சிஸ்டம் முறையாக ஷட் டவுன் ஆகாமல் நின்றுவிட்டது’ என்பதைத் தவிர அது வேறெதுவும் சொல்லாது. டிரைவரை மாற்றி, விண்டோஸை ஃபார்மேட் செய்து, கார்டைக் கழற்றி மாட்டி, எல்லாம் முடிந்த பிறகுதான் பலருக்கும் கேபினட்டுக்குள் இருக்கும் அந்தத் தகரப் பெட்டியின் ஞாபகம் வருகிறது.

உலகம் முழுக்க இதை ‘பிஎஸ்யு’ என்கிறார்கள். நம்மூர் கடைகளில் ‘எஸ்எம்பிஎஸ்’ என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை என்பதன் சுருக்கம். எந்த எஸ்எம்பிஎஸ் வாங்கலாம் என்று இணையத்தில் தேடினால் கிடைக்கும் பட்டியல்களில் பாதி, அமெரிக்காவின் 120 வோல்ட் கரண்ட்டையும் ஏசி அறையையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. மதுரையின் கணக்கு வேறு. இங்கே ஏப்ரல் வெயில் இருக்கிறது, சாயங்கால லோ வோல்டேஜ் இருக்கிறது, வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் இருக்கிறது.

வாட்டை விடுங்க, 12 வோல்ட்டைப் பாருங்க

சுவரில் இருந்து வருவது 230 வோல்ட் ஏசி. எஸ்எம்பிஎஸ் முதலில் அதை டிசியாக மாற்றுகிறது. அந்தக் கட்டத்தில் உள்ளே சுமார் 325 வோல்ட் இருக்கும். பிறகு அதை நொடிக்குப் பல ஆயிரம் முறை ஆன், ஆஃப் செய்து, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இறக்கி 12, 5, 3.3 வோல்ட்டுகளாகப் பிரித்துக் கொடுக்கிறது.

பழைய கம்ப்யூட்டர்களில் புராசஸரே 5 வோல்ட், 3.3 வோல்ட் லைன்களில்தான் ஓடியது. 2000-ல் பென்டியம் 4 வந்தபோது புராசஸருக்குத் தனியாக 12 வோல்ட் கனெக்டர் வந்தது. இன்றைக்குப் புராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டுமே 12 வோல்ட் லைனில்தான் உயிர் வாழ்கின்றன. அதனால் பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்த 450, 500 எல்லாம் ரெண்டாம்பட்சம். 12 வோல்ட் லைனில் எத்தனை ஆம்பியர் வரும் என்பதே முதல் கேள்வி.

இதற்கு எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்தால் போதும். கேபினட்டோடு இலவசம் போல வரும் ஒரு ‘450 வாட்’ பெட்டியில் 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 12 பெருக்கல் 16, ஆக 192 வாட். அவ்வளவுதான். மீதி வாட் எல்லாம் இன்றைய சிஸ்டம் அதிகம் தொடாத 5 வோல்ட், 3.3 வோல்ட் லைன்களில் எழுதிவைத்த கணக்கு. சில லேபிள்களில் அந்தக் கூட்டலும் ஒத்துவராது. நல்ல 550 வாட் பெட்டியில் 12 வோல்ட் லைன் மட்டுமே 45 ஆம்பியர் பக்கம் இருக்கும். அதாவது 540 வாட். அதுதான் நிஜமான 550.

சில லேபிள்களில் 12வி1, 12வி2 என்று இரண்டு லைன் இருக்கும். இரண்டையும் கூட்டி சந்தோஷப்பட வேண்டாம். கீழே இரண்டுக்கும் சேர்த்து ‘அதிகபட்சம்’ என்று ஒரு வாட் கொடுத்திருப்பார்கள், அதுதான் உண்மை. அப்படி ஒரு வரியே இல்லை என்றால் சந்தேகப்படலாம்.

சரி, எனக்கு எத்தனை வாட் வேணும்?

இளைஞர்கள் அதிகம் போடும் ஒரு செட்டப்பை எடுத்துக்கொள்வோம். இன்டெல் கோர் ஐ5-12400எஃப் புராசஸர்: பெட்டியில் 65 வாட் என்றிருந்தாலும், டர்போவில் 117 வாட் வரை போகும் என்று இன்டெல்லே சொல்கிறது. அதனுடன் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு: 115 வாட். இரண்டும் சேர்ந்து 232. மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாவற்றுக்கும் ஒரு 50, 60 வாட் வைத்தால், மொத்தம் 290 பக்கம் வரும்.

இப்போது மேலே பார்த்த 192 வாட் பெட்டியை நினைத்துப் பாருங்கள். ரெண்டர் நடுவில் ஏன் படுத்துவிட்டது என்பது புரியும்.

அப்படியானால் 300 வாட் பெட்டி போதுமா? போதாது. கிராபிக்ஸ் கார்டுகள் ஒரே சீராகக் கரண்ட் இழுப்பதில்லை. கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்கு, சராசரியைவிடப் பல மடங்கு எகிறி இறங்கும். 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 என்ற தர வரையறை இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. பெரிய கார்டுகளுக்கான புதிய 16 பின் கனெக்டருடன் வரும் 450 வாட்டுக்கு மேற்பட்ட எஸ்எம்பிஎஸ், தன் சக்தியைப் போல இரு மடங்கு இழுப்பை 100 மைக்ரோசெகண்ட் வரை தாங்க வேண்டும் என்று அது கேட்கிறது.

என்விடியா நிறுவனம் 4060-க்கு 550 வாட் பரிந்துரைப்பது இதையெல்லாம் சேர்த்துத்தான். 200 வாட் இழுக்கும் 4070-க்கும், 250 வாட் இழுக்கும் 5070-க்கும் 650 வாட். நடுத்தர பட்ஜெட்டில் இருப்பவர்களுக்கு நல்ல 550 அல்லது 650 போதும். அடுத்த வருடம் இன்னும் பெரிய கார்டு உறுதி என்றால் 750. ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று 1000 வாட் வாங்குவது, ரெண்டு பேர் இருக்கும் வீட்டுக்குக் கல்யாண மண்டப அண்டா வாங்குவது மாதிரி. ஒன்றும் கெட்டுப்போகாது, காசுதான் வீண்.

கனெக்டரும் ஒரு கணக்குதான். மதர்போர்டு ஸ்லாட் வழியாக ஒரு கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். 6 பின் கேபிள் இன்னொரு 75, 8 பின் கேபிள் 150. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் 8 பின் பிசிஐஇ கேபிளே இல்லை என்றால், கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விக்கு அந்தப் பெட்டியே பதில் சொல்லிவிட்டது. மோலெக்ஸில் இருந்து மாற்றும் 100 ரூபாய் கன்வர்ட்டரை மாட்டி ஓட்டுவது, அந்த மெல்லிய வயர் சூடாகி உருகுவதற்கு வழி பண்ணுவதுதான்.

வெயில் குறைக்கும் வாட்

மதுரையில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது செய்தியே இல்லை. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில், மதியம் மூன்று மணிக்கு, ஃபேன் காற்றே சூடாக அடிக்கும். அந்த அறையில், சுவரை ஒட்டிய கம்ப்யூட்டர் டேபிளின் கீழ்த்தட்டில், மூன்று பக்கமும் பலகை அடைத்த இடத்தில்தான் பலர் வீட்டு கேபினட் உட்கார்ந்திருக்கிறது.

பெட்டியில் ஒட்டும் ‘80 பிளஸ்’ பிரான்ஸ், கோல்டு முத்திரைகளைப் பலரும் தரச் சான்று என்று நினைக்கிறார்கள். 2004-ல் அமெரிக்காவில் தொடங்கிய இந்தத் திட்டம் அளப்பது ஒன்றைத்தான்: சுவரில் இருந்து இழுக்கும் கரண்ட்டில் எவ்வளவு சதவீதம் உள்ளே போய்ச் சேர்கிறது, எவ்வளவு சூடாக வீணாகிறது. அந்தச் சோதனை நடப்பது சுமார் 23 டிகிரி அறை வெப்பநிலையில். மதுரைக்காரர்கள் சித்திரை மாதத்தில் அந்த 23 டிகிரியைப் பார்க்க வேண்டுமென்றால் கொடைக்கானலுக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

சூட்டில் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் மெல்ல உலரும். பொறியாளர்கள் தோராயமாகச் சொல்லும் விதி ஒன்று உண்டு. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும். அதனால் 85 டிகிரி கெப்பாசிட்டரா, 105 டிகிரி கெப்பாசிட்டரா என்பது ஏதோ எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்களின் விவாதம் இல்லை. நம்மூர் எஸ்எம்பிஎஸ் மூன்று வருடம் ஓடுமா, எட்டு வருடம் ஓடுமா என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. 550 வாட்டை எந்த வெப்பநிலையில் தொடர்ந்து தர முடியும் என்பதை நல்ல நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் கொடுத்திருக்கும். ‘40 டிகிரியில்’ என்று சில, ‘50 டிகிரியில்’ என்று சில. மதுரைக்கு 50 டிகிரி ரகம்தான் சரி. எந்த வெப்பநிலையும் குறிப்பிடாத பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை அப்படியே நம்பிவிடக் கூடாது.

பழைய கேபினட்களில் எஸ்எம்பிஎஸ் மேலே இருக்கும். கிராபிக்ஸ் கார்டு விடும் சூட்டையெல்லாம் அதுவே இழுத்துக் குடிக்கும். புதிய கேபினட்களில் கீழே, ஃபேன் தரையைப் பார்த்திருக்கும். தரையில் நேரடியாக வைத்தால் டைல்ஸ் மேல் இருக்கும் தூசி மொத்தமும் உள்ளே. ஒரு சின்ன ஸ்டாண்ட் போதும். பின்பக்க ஸ்லாட் மூடிகளைக் கழற்றிவிட்டுத் திறந்தே விட்டால் பல்லி குடியேறும். சிரிக்க வேண்டாம். உள்ளே சூடாக இருக்கிறது என்று போய் உட்காரும் பல்லி இரண்டு முனைகளைச் சேர்த்துத் தொட்டால், பல்லியும் போச்சு, எஸ்எம்பிஎஸ்ஸும் போச்சு.

சாயங்காலம் ஆறு மணி வோல்டேஜ்

விதிப்படி வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டில் இருந்து 6 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216-ல் இருந்து 244 வரை. நகரத்துக்குள் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி பக்கத்துக் கிராமங்களில், டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து தள்ளி, லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளின் நிலைமை வேறு. பம்ப்செட் மோட்டார்கள் ஓடும் நேரத்திலும், எல்லா வீட்டிலும் விளக்கும் மிக்ஸியும் டிவியும் ஒன்றாக ஓடும் நேரத்திலும் வோல்டேஜ் இறங்கும். டியூப் லைட் மினுக்கும், ஃபேன் சோம்பலாகச் சுற்றும். கொரோனா காலத்தில் ஊருக்குத் திரும்பி, அப்படியே வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பலருக்கு இது தினசரி அனுபவம்.

இங்கேதான் லேபிளில் இன்னொரு வரி முக்கியமாகிறது: உள்ளீட்டு வோல்டேஜ். ‘100-240 வோல்ட்’ என்று போட்டிருந்தால் அது ஃபுல் ரேஞ்ச், ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள எஸ்எம்பிஎஸ். 170 வோல்ட்டுக்கு இறங்கினாலும் அலட்டிக்கொள்ளாமல் ஓடும். தனியாக ஸ்டெபிலைசர் வைக்கத் தேவையே இல்லை. ‘200-240 வோல்ட்’ என்று மட்டும் இருந்தால், வோல்டேஜ் இறங்கும்போது சிஸ்டம் நிற்க வாய்ப்பு அதிகம். இரண்டும் ஒரே கம்பெனியின் ஒரே ‘550 வாட்’ பெட்டியாகக்கூட இருக்கலாம். விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் இருக்கும். கிராமத்து வீட்டுக்கு வாங்குபவர்கள் வாட்டுக்கு முன்னாடி இந்த வரியைப் பார்ப்பது நல்லது.

லோ வோல்டேஜ் தொல்லை மட்டும்தான் கொடுக்கும். ஹை வோல்டேஜ் ஆளையே காலி பண்ணிவிடும். காற்று மழையில் கம்பத்தில் நியூட்ரல் வயர் அறுந்துவிட்டால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்குள் இரண்டு ஃபேஸ்களுக்கு இடையிலான 400 வோல்ட் வரை வந்துவிடலாம். ஒரே நேரத்தில் தெருவில் நாலு டிவி போனது என்று கேள்விப்படுவதெல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். எஸ்எம்பிஎஸ்ஸின் முதல் கெப்பாசிட்டர் பொதுவாக 400 அல்லது 450 வோல்ட் டிசிக்கானது. ஏசியில் சொன்னால் சுமார் 280-ல் இருந்து 320 வோல்ட் வரை. அதற்கு மேல் எந்த பிராண்டும் தாங்காது. நல்ல பெட்டியில் ஃபியூஸும், எம்ஓவி என்ற சின்னப் பாகமும் தங்களைப் பலி கொடுத்து மதர்போர்டையும் கார்டையும் காப்பாற்றப் பார்க்கும். மலிவுப் பெட்டியில் எம்ஓவி இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். ஐப்பசி மழையில் இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கி வைக்கச் சொல்லும் அம்மாக்களின் யோசனைக்கு எந்த எஸ்எம்பிஎஸ்ஸும் மாற்று இல்லை.

இன்வெர்ட்டருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் ஒத்துப்போகுமா?

2012 வாக்கில் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் தமிழ்நாடு தவித்தது நினைவிருக்கும். மதுரை வீடுகளில் இன்வெர்ட்டர் ஃபர்னிச்சர் மாதிரி ஆனது அப்போதுதான். இப்போது அந்த நிலை இல்லை. ஆனாலும் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் மாலை வரை வராது. நாளிதழ்களில் ‘நாளைய மின்தடை’ பகுதிக்கு வாசகர் குறைவதே இல்லை.

பிரச்சினை கரண்ட் போகும் அந்த நொடியில் இருக்கிறது. நல்ல எஸ்எம்பிஎஸ், சுவரில் கரண்ட் நின்ற பிறகும் தன் கெப்பாசிட்டரில் இருப்பதை வைத்துச் சுமார் 17 மில்லிசெகண்ட் சமாளிக்கும். இதற்கு ‘ஹோல்ட்-அப் டைம்’ என்று பெயர். இன்வெர்ட்டர் அதற்குள் பேட்டரிக்கு மாறிவிட்டால் சிஸ்டம் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். மாறவில்லை என்றால் ரீஸ்டார்ட். பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் ‘யுபிஎஸ் மோட்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். கம்ப்யூட்டர் இணைத்திருந்தால் அது ஆனில் இருக்க வேண்டும். வாங்கிய நாளில் இருந்து அதைத் தொடாதவர்கள்தான் அதிகம். ஒரு சங்கடம்: யுபிஎஸ் மோடில் இன்வெர்ட்டர் வோல்டேஜ் விஷயத்தில் கறார் காட்டும். லோ வோல்டேஜ் ஊரில் சாயங்காலம் முழுக்க பேட்டரியிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது அலை வடிவம். பழைய அல்லது மலிவான இன்வெர்ட்டர்கள் தருவது ஸ்கொயர் வேவ். ஃபேன் ‘உம்ம்’ என்று உறுமுவதை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள எஸ்எம்பிஎஸ் வழவழப்பான சைன் வேவை எதிர்பார்க்கும். சதுர அலையில் சில மாடல்கள் முனகும், சில பட்டென்று ஆஃப் ஆகும், சில ஒன்றுமே சொல்லாமல் ஓடும். புதிதாக இன்வெர்ட்டர் வாங்குபவர்கள் சைன் வேவ் வாங்குவது நல்லது. ஏற்கெனவே ஸ்கொயர் வேவ் வைத்திருப்பவர்கள் எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பித் தரும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்கலாம்.

கடைகளில் அதிகம் விற்கும் 600 விஏ யுபிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 600 என்றதும் 600 வாட் என்று நினைத்துவிடுகிறோம். அது தரக்கூடியது பெரும்பாலும் 360 வாட்தான். மேலே போட்ட 290 வாட் சிஸ்டம், எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவதையும் சேர்த்தால் சுவரில் 340 வாட் இழுக்கும். மானிட்டரையும் அதிலேயே செருகினால் 370-ஐத் தாண்டும். கேம் ஓடும்போது கரண்ட் போனால் யுபிஎஸ் ஒரே ஒரு ‘கீ...’ சத்தத்தோடு கையை விரிக்கும். 660 வாட் தரும் 1100 விஏ ரகம் இந்த மாதிரி சிஸ்டத்துக்குப் பொருந்தும்.

தொட்டால் ‘சுர்’ருனு இருக்கா?

கேபினட்டைத் தொட்டால், அதுவும் வெறுங்காலில் இருக்கும்போது, லேசாக ஷாக் அடிப்பதைப் பலர் எஸ்எம்பிஎஸ்ஸின் கோளாறு என்று நினைத்து மாற்றுகிறார்கள். புதியதிலும் அதே ‘சுர்’. காரணம் வீட்டு எர்த். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே நுழைவாயிலில் இருக்கும் ஃபில்டர், தேவையற்ற இரைச்சலை எர்த் வயருக்கு அனுப்பும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த எர்த் எங்கும் போய்ச் சேரவில்லை என்றால், தகர உடலில் மிகக் குறைந்த கரண்ட்டுடன் பாதி வோல்டேஜ் மிதக்கும். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகும் பழக்கம் வேறு. எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபார்ப்பதுதான் தீர்வு. எர்த் இல்லாத வீட்டில், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் உண்மையிலேயே ஏதாவது ஷார்ட் ஆனால் அது வெறும் ‘சுர்’ரோடு நிற்காது.

பிரான்ஸா, கோல்டா?

‘கோல்டு வாங்கினா கரண்ட் பில் மிச்சம்’ என்பது விற்பனை வசனம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிஸ்டம் சராசரியாக 300 வாட் எடுக்கிறது, தினமும் ஐந்து மணி நேரம் அப்படி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 85 சதவீதத் திறன் உள்ள பிரான்ஸ், சுவரில் இருந்து 353 வாட் இழுக்கும். 90 சதவீத கோல்டு 333. வித்தியாசம் 20 வாட். இரண்டு மாத பில்லில் ஆறு யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தாலும் 36 ரூபாய்! ஒரு வருடத்துக்கு 216 ரூபாய். பிரான்ஸுக்கும் கோல்டுக்கும் பல ஆயிரம் வித்தியாசம் இருக்கும்போது, பில்லை வைத்து அதை ஈடுகட்டுவதற்குள் கார்டே பழசாகிவிடும். ஏற்கெனவே 500 யூனிட்டின் விளிம்பில் நிற்கும் வீடு என்றால் மட்டும் அந்த ஆறு யூனிட்டுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு.

கோல்டு வாங்குவதற்கு வேறு காரணம் இருக்கிறது. அந்த 20 வாட் பெட்டிக்குள் சூடாகத் தங்காது. ஃபேன் மெதுவாகச் சுற்றும். பெரும்பாலும் கெப்பாசிட்டரும் வாரன்டியும் ஒரு படி மேலே இருக்கும். மாதம் பத்து வேலைகள் ரெண்டர் செய்து பிழைப்பவருக்கு அது அர்த்தமுள்ள செலவு. வார இறுதியில் கேம் ஆடுபவருக்கு, ஃபுல் ரேஞ்ச் உள்ளீடும் ஐந்து வருட வாரன்டியும் உள்ள நல்ல பிரான்ஸ் தாராளம். நிறுவனத்தின் பெயரும் மாடலும் தெரிந்தால் சைபெனெடிக்ஸ் என்ற சோதனை அமைப்பின் இணையதளத்தில் அதன் அளவீடுகளை இலவசமாகப் பார்க்க முடிகிறது. கடைக்குப் போகும் வழியில் ஷேர் ஆட்டோவிலேயே பார்த்துவிடலாம்.

பெயரை மட்டும் நம்புவதும் ஆபத்துதான். 2021-ல் கிகாபைட்டின் ஜிபி-பி750ஜிஎம் என்ற 750 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ்கள், கேமர்ஸ் நெக்சஸ் என்ற யூடியூப் சேனலின் சோதனையில் அடுத்தடுத்துப் பழுதாகின, சில சத்தத்தோடு வெடித்தன. கார்டு தட்டுப்பாடு இருந்த நேரம் அது. அமெரிக்காவில் கார்டு வேண்டுமென்றால் இதையும் சேர்த்து வாங்க வேண்டும் என்று காம்போவாக விற்கப்பட்ட மாடல் என்பதால் விவகாரம் பெரிதானது. அந்த ஆண்டு ஆகஸ்ட்டில், அதிகச் சுமை வந்தால் தானாக நிற்கும் அளவை 120-150 சதவீதத்தில் இருந்து 110-120 சதவீதமாகக் குறைத்திருப்பதாகவும், குறிப்பிட்ட சீரியல் எண் வரிசையில் வாங்கியவர்களுக்கு மாற்றித் தருவதாகவும் நிறுவனம் அறிவித்தது. ஓவர் லோடு, ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட், அதிக வெப்பம் ஆகிய நான்கு பாதுகாப்புகளும் பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் போதாது, அவை சரியான நேரத்தில் வேலை செய்கின்றனவா என்பதற்கு ஒரு ரிவ்யூவாவது பார்த்துவிட வேண்டும் என்பதற்கு இந்த ஒரு சம்பவமே போதும்.

பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் வாங்கியவர்கள் கவனத்துக்கு

ரீஃபர்பிஷ்டு ஆபீஸ் டெஸ்க்டாப் ஒன்றை வாங்கி, அதில் கார்டு போட்டு கேமிங் சிஸ்டம் ஆக்குவது இப்போது பரவலான யோசனை. டெல், ஹெச்பி, லெனோவோவின் அந்தப் பெட்டிகள் பலவற்றில் மதர்போர்டுக்குப் போவது வழக்கமான 24 பின் இல்லை. 6 அல்லது 8 பின் கொண்ட சொந்தக் கனெக்டர். சின்ன சைஸ் மாடல்களில் சாதாரண எஸ்எம்பிஎஸ் உள்ளேயே நுழையாது. கடையில் புதிய 550 வாட் வாங்கி வீட்டுக்கு வந்து முழிப்பதற்குப் பதில், திறந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போவது மேல். கன்வர்ட்டர் கேபிள்கள் கிடைக்கின்றன, ஆனால் மாடலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். தொல்லையே வேண்டாம் என்றால், 70 வாட்டுக்குள் ஓடி, தனி கேபிள் கேட்காத ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி போன்ற கார்டு அந்தப் பெட்டிக்கு ஏற்றது.

மாடுலர் எஸ்எம்பிஎஸ் வாங்குபவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. புதுப் பெட்டியைப் போட்டுவிட்டு, ‘கேபிள் ஏற்கெனவே நல்லா மடிச்சு வெச்சிருக்கேன்’ என்று பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்களிலேயே செருகிவிடுகிறார்கள். கார்டு பக்கம், டிஸ்க் பக்கம் இருக்கும் முனைக்குத்தான் பொதுவான வடிவம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையை ஒவ்வொரு நிறுவனமும் இஷ்டத்துக்கு அமைக்கிறது. செருகினால் கச்சிதமாக உட்காரும். ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும். ஹார்டு டிஸ்க்கும் அதிலிருந்த குடும்பப் போட்டோக்களும் ஒரே நொடியில் போய்விடும்.

கடைக்குப் போகும்போது

லேபிளில் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். அது பாதுகாப்புக்கான பதிவு. வாட் உண்மை என்பதற்கான சான்று இல்லை. ஜிஎஸ்டி பில் கண்டிப்பாக வேண்டும். 18 சதவீதத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று பில் இல்லாமல் வாங்கினால், ஐந்து வருட வாரன்டி என்பது அட்டையில் அச்சடித்த வாசகம் மட்டும்தான். பழுதானால் மதுரையிலேயே கொடுக்க முடியுமா, சென்னைக்கு கூரியர் அனுப்ப வேண்டுமா, திரும்பி வர எத்தனை நாள் ஆகும் என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். நல்ல 550 வாட் பிரான்ஸ் பெட்டிகள் நான்காயிரம், ஐந்தாயிரம் ரூபாய் வட்டாரத்தில் கிடைக்கின்றன. கார்டில் ஒரு படி இறங்கியாவது இந்தத் தொகையை ஒதுக்குவதுதான் புத்திசாலித்தனம். செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாம். செகண்ட் ஹேண்ட் எஸ்எம்பிஎஸ், அதுவும் எத்தனை கோடை பார்த்தது என்று தெரியாதது, எவ்வளவு சல்லிசாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கழற்றிய பழைய பெட்டியைத் தூசி தட்டலாம் என்று ஸ்க்ரூடிரைவரோடு உட்கார வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் சிறிது நேரம் தங்கியிருக்கும். அப்படியே மூடிய நிலையில் மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். பழைய வீடியோ பார்க்க வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு, கார்டு எதுவும் போடாமல், அந்த 192 வாட்டே இன்னும் கொஞ்ச காலம் போதும் என்றால் அதற்கும் மாட்டலாம்.